பழைய நாட்காட்டிக்கு விடை கொடுக்குமுன்

ஒரு பெரிய ஸ்தாபனத்தில் மின்னஞ்சல் ஒரு மணி நேரம் நின்றுபோனால், நின்றுபோயிற்று என்ற செய்தி அடுத்த ஐந்து நிமிஷத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. யாரும் ஏமாறுவதில்லை, சற்றுப் பொறுத்திருக்கிறார்கள். கூட்டு நாட்காட்டியில் ஒரு கூட்டத்தின் நேரம் பிசகிவிட்டாலோ, அப்பிசகு யாருடைய கண்ணிலும் படாமல் பல நாள் கிடந்து, கடைசியில் வெறிச்சோடிய அறையில் தனியே உட்கார்ந்திருக்கும் ஒரு விருந்தாளிக்கே முதலில் புலப்படுகிறது. இந்த வேற்றுமையை மனத்தில் வாங்கிக்கொள்ளாமல், மின்னஞ்சலோடு சேர்ந்து வரும் ஓர் உப சாமானைப் போல நாட்காட்டியைக் கருதி, அஞ்சலுக்கு ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, "நாட்காட்டியும் அதிலேயே இருக்கிறது" என்று திருப்தியடைந்துவிடும் நிர்வாகங்கள் அநேகம்.

கடிதம் உரியவரிடம் போய்ச் சேர்ந்ததோடு அதன் காரியம் முடிந்துவிடுகிறது. நாட்காட்டியில் எழுதப்பட்ட கூட்டமோ நடந்து முடியும் வரையில் உயிரோடு இருக்கிறது; அதன் நாள் மாறலாம், இடம் மாறலாம், ஒருவர் வர இயலாதென்று சொல்லலாம், வேறொருவர் சேர்ந்துகொள்ளலாம்; ஒவ்வொரு மாற்றமும் சம்பந்தப்பட்ட அத்தனை பேருடைய ஏட்டிலும் அதே கணத்தில் பதிவாக வேண்டும். அது பலர் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட வாக்கு. ஆகையால், நாட்காட்டி மென்பொருளை மாற்றுவதென்பது ஆயிரக்கணக்கான வாக்குகளை, அவை இன்னும் நிறைவேறாத நிலையில், ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்கு எடுத்துப் போவதாகும். எந்த மென்பொருளில் வசதிகள் மிகுதி என்று ஆராயுமுன், வாக்குகள் சேதமின்றி உள்ளே வருமா, பின்னொரு நாள் சேதமின்றி வெளியே போகுமா என்று ஆராய வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் சாரம்.

மாற்றம் ஏன் நேர்கிறது

பழகிய நாட்காட்டியை விட்டுவிட வேண்டும் என்று ஸ்தாபனங்கள் தாமாக விரும்பித் தீர்மானிப்பது அபூர்வம்; நிர்ப்பந்தம் பெரும்பாலும் வெளியிலிருந்தே வருகிறது. மாண்ட்ரியல் நகரத்து ஸ்டெல்டார் நிறுவனம் உருவாக்கிய கார்ப்பரேட்டைம் என்னும் நாட்காட்டி, 2002-இல் அந்நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியபோது ஆரக்கிள் காலண்டர் என்று பெயர் பெற்றது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல அதை நம்பியிருந்தன. பின்னர் அது கைவிடப்படும் நிலைக்கு வந்தபோது, ஒன்று மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்சுக்கும், ஒன்று ஜிம்ப்ரா என்னும் மென்பொருளுக்கும், ஒன்று கூகுளுக்குமாக அவை குடிபெயர வேண்டியதாயிற்று. அந்த ஜிம்ப்ராவையே 2007-இல் யாஹூவும், 2010-இல் விஎம்வேரும், 2013-இல் டெலிஜென்டும், 2015-இல் சினகோரும் வாங்கின. 1989-இல் வெளிவந்த லோட்டஸ் நோட்ஸ், லோட்டஸ் நிறுவனத்தோடு 1995-இல் ஐபிஎம் வசமாகி, 2019-இல் எச்சிஎல் கைக்கு வந்து சேர்ந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 ஆகிய இரண்டு பதிப்புகளுக்கும் அளித்துவந்த ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது.

இந்தச் சரித்திரத்தை எவரையும் குறை கூறுவதற்காக எழுதவில்லை. மென்பொருள் நிறுவனங்கள் கைமாறுவதும், பதிப்புகள் முதுமையடைவதும் உலக இயற்கை. இன்று நாம் தேர்ந்தெடுக்கும் மென்பொருளும் சாசுவதமானதன்று. பத்தாண்டுகளில் நமக்குப் பின் வருபவர் ஒருவர், இதே காரியத்தை இதே மேசையில் மறுபடியும் செய்ய நேரும். அவரை நினைத்துக்கொண்டே நாம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் ஒரு கணக்கெடுப்பு

விற்பனையாளர்களை அழைத்துப் பேசுமுன் நம்முடைய வீட்டில் என்ன இருக்கிறது என்று நாம் அறிந்திருத்தல் அவசியம். ஊழியர் எத்தனை பேர் என்பது எல்லோருக்கும் தெரிந்த எண். அது அவ்வளவு பயன்படாது. பிறருடைய நாட்காட்டியைத் திறந்து எழுதும் அதிகாரம் எத்தனை பேரிடம் இருக்கிறது, ஒருவர் எத்தனை பேருடைய ஏட்டைப் பராமரிக்கிறார், கூட்ட அறைகளும் வண்டிகளும் ப்ரொஜெக்டர்களும் எவ்வாறு முன்பதிவாகின்றன, அவற்றுள் எவை தாமாகவே சம்மதம் தெரிவிக்கின்றன, எவற்றுக்கு ஒரு மனிதரின் ஒப்புதல் தேவைப்படுகிறது என்பவையே பயனுள்ள கேள்விகள்.

அடுத்து, வாரந்தோறும் மாதந்தோறும் திரும்பி வரும் தொடர் கூட்டங்களை எண்ண வேண்டும். முடிவுத் தேதி இல்லாமல் போட்டுவைத்த கூட்டங்கள், அழைத்தவர் ஓய்வு பெற்றுப் போன பின்னும் ஏட்டில் நின்றுகொண்டிருக்கும் கூட்டங்கள் ஆகிய இரண்டு வகையும் எந்தப் பெரிய காரியாலயத்திலும் எதிர்பார்ப்பதைவிட அதிகமாக அகப்படும். அழைத்தவரின் கணக்கு இல்லாத கூட்டத்தைப் புதிய மென்பொருளில் திருத்தவோ நீக்கவோ பெரும்பாலும் யாருக்கும் அதிகாரம் இராது; ஆகையால் அவற்றை மாற்றத்துக்கு முன்பே களைந்துவிடுவது நன்று. கடைசியாக, நாட்காட்டியைப் படித்துக் காரியம் செய்யும் வேறு மென்பொருள்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். விடுமுறைக் கணக்கு, வகுப்பறை அட்டவணை, அறை வாசலில் தொங்கும் சிறு திரை, காணொலிக் கூட்டத்துக்கான இணைப்பு, ஊழியர்களின் பலவகைச் செல்போன்கள் ஆகிய இவை ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய நூலால் பழைய சர்வரோடு கட்டப்பட்டிருக்கின்றன. சர்வரை நிறுத்திய மறுநாள்தான் அந்த நூல்கள் கண்ணுக்குத் தெரிகின்றன.

பொது விதிகள்

வெவ்வேறு நிறுவனங்கள் தயாரித்த நாட்காட்டிகள் ஒன்றோடொன்று பேசுவதற்குப் பொதுவான பாஷை ஒன்று ஏற்பட்டு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஐகாலண்டர் என்னும் அந்த விதி, இணையப் பொறியியல் பணிக்குழுவின் 2445-ஆம் ஆவணமாக 1998-இல் வெளியாயிற்று. 2009-இல் திருத்தம் பெற்று 5545-ஆம் ஆவணமாயிற்று. கூட்டத்துக்கு அழைப்பது, ஏற்பது, மறுப்பது, நாள் மாற்றுவது ஆகிய நடவடிக்கைகளின் முறையை அதே ஆண்டில் வந்த 5546-ஆம் ஆவணம் விவரிக்கிறது. சர்வரில் உள்ள நாட்காட்டியை எந்த நிறுவனத்தின் செயலியைக் கொண்டும் திறந்து எழுதுவதற்கான கால்டாவ் என்னும் முறை 2007-இல் 4791-ஆம் ஆவணமாக வந்தது. அம்முறையிலேயே கூட்டங்களை ஏற்பாடு செய்யும் வழி 2012-இல் 6638-ஆம் ஆவணத்தில் சேர்ந்தது. டெண்டர் எழுதுகிறவர் இந்த எண்களை அப்படியே ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். "பொதுத் தரங்களுக்கு இணங்கியது" என்ற பொதுவான வாக்கியத்துக்கு நியாயஸ்தலத்திலோ நடைமுறையிலோ பலம் கிடையாது.

எனினும் விதி இருப்பதனாலேயே காரியம் முடிந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. ஐகாலண்டர் கோப்பில் கூட்டத்தின் நாளும் நேரமும் அழைத்தவரும் வருபவரும் அவர்கள் தந்த பதிலும் அடங்கியிருக்கும்; யாருடைய ஏட்டை யார் பார்க்கலாம், யார் எழுதலாம் என்ற அதிகாரப் பட்டியல் அதில் இராது. அதைத் தனியாக எழுதி எடுத்து, புதிய இடத்தில் தனியாக நிறுவ வேண்டும். மேலும், இன்று விதியை அனுசரிப்பவர் நாளையும் அனுசரிப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2013 மார்ச் மாதத்தில் கூகுள் தன்னுடைய கால்டாவ் வாயிலைத் தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் திறந்துவைத்து மற்றவர்களுக்கு மூடிவிடப் போவதாக அறிவித்தது. சில மாதங்களில் அந்தத் தீர்மானத்தைக் கைவிட்டது. வாயில் மூடப்படவில்லை; ஆனால் மூடப்படக்கூடும் என்பதை எல்லோரும் அன்று தெரிந்துகொண்டார்கள்.

காரியதரிசியின் மேசை

ஒரு காரியாலயத்தில் புதிய நாட்காட்டியைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு உதவியாக நான் சென்றிருந்தபோது, தலைவரின் காரியதரிசியாக நெடுங்காலம் பணியாற்றிய அம்மையார் ஒருவரின் மேசைக்கருகில் ஒரு காலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். ஒன்பதரை மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. வியாழக்கிழமைதோறும் பதினோரு மணிக்கு நடக்கும் ஆய்வுக் கூட்டத்தை, அந்த ஒரு வாரம் மட்டும், வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மாற்ற வேண்டும்; பதினான்கு பேர் வருகிறவர்கள்; இருவர் வெளியூர். அம்மையார் தலைவரின் ஏட்டைத் தம்முடைய ஏட்டைப் போலவே திறந்தார். வெள்ளிக்கிழமைப் பகுதியில் பதினான்கு பேருடைய ஓய்வு நேரங்களையும் ஒருமுறை கண்ணால் ஓட்டினார். பெரிய அறை வேறொருவர் பெயரில் இருப்பதைக் கண்டு சிறிய அறையை எடுத்தார். "இந்த ஒரு நாள் மட்டும்" என்று குறித்தார். தலைவரின் பெயரிலேயே அறிவிப்பு சென்றது. பதில்கள் அம்மையாரின் பெட்டிக்கே வந்தன. எல்லாமாக இரண்டு நிமிஷம்.

அதே மாற்றத்தைப் பரீட்சைக்காக வந்திருந்த புதிய மென்பொருளில் செய்து காட்டும்படி கேட்டேன். அறிவிப்பு தலைவர் பெயரில் போகாமல் அம்மையாரின் பெயரில் போயிற்று. பதில்கள் அவருக்கு வராமல் தலைவரின் பெட்டியில் குவிந்தன. வேறு செயலியைச் செல்போனில் வைத்திருந்த நால்வருக்கு வியாழக்கிழமைக் கூட்டமும் அழியாமல், வெள்ளிக்கிழமைக் கூட்டமும் சேர்ந்து, இரண்டும் தெரிந்தன. அம்மையார் திரையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "சார், கூட்டம் மாறிடுச்சான்னு இனிமே பதினாலு பேருக்கும் நான் போன் பண்ணித்தான் கேட்கணும்" என்றார்.

குழுவின் கையில் நூற்றுக்கும் மேற்பட்ட அம்சங்களைக் கொண்ட ஒப்பீட்டு அட்டவணை இருந்தது. அந்த மென்பொருள் அதில் உயர்ந்த மதிப்பெண் பெற்றிருந்தது. அம்மையாரின் இரண்டு நிமிஷ வேலை அட்டவணையின் எந்த வரியிலும் இடம்பெறவில்லை. அன்று முதல் நான் எந்தக் குழுவுக்கும் சொல்லிவரும் யோசனை இதுதான்: ஸ்தாபனத்தில் மிக அதிகமாகக் கூட்டங்களைக் கூட்டும் காரியதரிசிகள் ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள், அவர்கள் ஒரு வாரத்தில் செய்யும் காரியங்களை அருகிருந்து எழுதிக்கொள்ளுங்கள், அந்தக் காரியங்களையே பரீட்சைத் தாளாக வைத்து, ஒவ்வொரு மென்பொருளிலும் அவர்களே செய்து பார்க்கட்டும். விற்பனையாளரின் பிரதிநிதி செய்து காட்டுவது பரீட்சையாகாது. தொடர் கூட்டத்தில் ஒரு நாளை மட்டும் மாற்றுவது, ஒரு நாளை மட்டும் நீக்குவது, "இன்று முதல் இனிமேல்" என்று பிரித்து மாற்றுவது, மாற்றிய பின் ஒருவரைப் புதிதாகச் சேர்ப்பது, வெளி நிறுவனத்தார் ஒருவரை அழைத்து அவர் பதிலைப் பெறுவது ஆகிய ஐந்தும் அந்தத் தாளில் தவறாமல் இருக்க வேண்டும்.

நேரம் என்னும் சிக்கல்

ஒரே ஊரில் ஒரே கட்டிடத்தில் இயங்கும் ஸ்தாபனத்துக்கு இந்தப் பகுதி அவ்வளவாகத் தேவைப்படாது. கடல் கடந்து பேசுகிற ஸ்தாபனத்துக்கோ இதுவே முதற் பரீட்சை. நியூயார்க்கில் காலை பத்து மணிக்கு நடக்கும் வாராந்தரக் கூட்டம் குளிர்காலத்தில் சென்னையில் இரவு எட்டரை மணியாகவும், கோடைகாலத்தில் ஏழரை மணியாகவும் தெரிய வேண்டும். அமெரிக்கா 2005-இல் இயற்றிய எரிசக்திச் சட்டத்தின்படி, 2007 முதல், கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைக்கும் கோடைநேரம் ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாக மார்ச் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாயிற்று. அந்த ஆண்டு மார்ச் 11-க்கும் ஏப்ரல் 1-க்கும் இடைப்பட்ட மூன்று வாரங்களில், பழைய விதியைக் கொண்டு கணக்கிட்டுப் பதிந்துவைத்திருந்த கூட்டங்கள் ஒரு மணி நேரம் தவறி நின்றன. அவற்றைத் திருத்துவதற்கென்றே தனிக் கருவிகளை நிறுவனங்கள் வெளியிட வேண்டியிருந்தது.

நமக்கு அருகிலும் இதற்கு உதாரணம் உண்டு. இலங்கை 1996-இல் தன் கடிகாரத்தை முதலில் ஒரு மணி நேரமும், பின்னர் அரை மணி நேரமுமாக இந்திய நேரத்திலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு, 2006 ஏப்ரல் 15-ஆம் தேதி மறுபடியும் இந்திய நேரத்துக்கே திரும்பியது. அதற்கு முன் சென்னையில் பத்து மணி என்றால் கொழும்பில் பத்தரை; அதற்குப் பின் இரு ஊரிலும் பத்து. அரசாங்கங்கள் நேரத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. ஆகையால் நல்ல நாட்காட்டி, கூட்டத்தின் நேரத்தோடு அது எந்த ஊரின் நேரம் என்பதையும் சேர்த்தே எழுதிவைக்கும். ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கி, 2011 முதல் இணைய எண்கள் ஒதுக்கீட்டு ஆணையத்தின் பொறுப்பில் இருந்துவரும் உலக நேர மண்டலப் பட்டியலைத் தவறாமல் புதுப்பித்துக்கொள்ளும். கோடைநேரம் தொடங்கும் மார்ச்சையும் முடியும் நவம்பரையும் கடந்து செல்லும் தொடர் கூட்டம் ஒன்றை நியூயார்க் நேரத்தில் பதிந்து, சென்னையிலிருந்து திறந்து பாருங்கள். "நாள் முழுவதும்" என்று குறித்த விடுமுறை ஒன்று வேறு ஊரிலிருந்து பார்க்கும்போது இரண்டு நாள்களாகப் பரவித் தெரிகிறதா என்றும் பாருங்கள். இவ்விரண்டிலும் தேறாத மென்பொருளை மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை.

அந்தரங்கமும் இருப்பிடமும்

ஒருவருடைய நாட்காட்டியை ஒரு மாதம் தொடர்ந்து படித்தால் அவருடைய வைத்தியர் யார், வேறு வேலை தேடுகிறாரா, நிர்வாகம் யாரை விசாரிக்கிறது என்பதெல்லாம் விளங்கிவிடும். ஆகவே, எல்லோருக்கும் தெரிய வேண்டியது ஒருவர் ஓய்வாக இருக்கிறாரா இல்லையா என்பது மட்டுமே. விவரம் தெரிவது தனி அனுமதியின் பேரில் இருக்க வேண்டும். "அந்தரங்கம்" என்று குறித்த கூட்டத்தைச் சில மென்பொருள்கள் ஒரு செயலியில் மறைத்துவிட்டு மற்றொன்றில் காட்டிவிடுகின்றன. ஏட்டைத் திறக்கும் அதிகாரம் பெற்றவர் செல்போனிலும், இணைய உலாவியிலும், மேசைக் கணிப்பொறியிலும் தனித்தனியே திறந்து பார்த்து இதைச் சோதிக்க வேண்டும்.

தரவு எந்த நாட்டில், யாருடைய சட்டத்தின் கீழ் இருக்கிறது என்பதும் இப்போது பெரிய ஸ்தாபனங்களின் யோசனைக்கு உரியதாகிவிட்டது. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு, எக்ஸ்சேஞ்சையும் அவுட்லுக்கையும் விட்டு, ஓப்பன்-எக்ஸ்சேஞ்ச், தண்டர்பேர்ட் என்னும் திறந்த மூல மென்பொருள்களுக்கு மாறும் பணியை 2025 அக்டோபரில் முடித்தது. 40,000-க்கு மேற்பட்ட அஞ்சற்பெட்டிகளும், 10 கோடிக்கு மேற்பட்ட மின்னஞ்சல்களும் நாட்காட்டிப் பதிவுகளும் அதில் இடம்பெயர்ந்தன. அயல்நாட்டு நிறுவனம் ஒன்றையே சார்ந்திருக்கலாகாது என்பதே அதற்கு அவ்வரசு கூறிய காரணம். இந்தியாவில் மத்திய அரசு தன் ஊழியர்களின் மின்னஞ்சலைச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் மென்பொருளுக்கு மாற்றியதிலும் இத்தகைய எண்ணத்தைக் காணலாம்.

குடிபெயரும் முறை

தேர்வு முடிந்த பின், முதற் சோதனைக்குக் கணிப்பொறிப் பிரிவையே தேர்ந்தெடுப்பது வழக்கம். அது தவறான வழக்கம். அவர்கள் தங்களுக்குள்ளேயே கூடுகிறவர்கள். பிசகு நேர்ந்தால் தாங்களே சரிசெய்துகொண்டு, அதை ஒரு குறையாகவே சொல்லமாட்டார்கள். ஒரு துறைத் தலைவரையும், அவருடைய காரியதரிசியையும், அவர் வாரந்தோறும் சந்திக்கும் அத்தனை பேரையும் ஒரு குழுவாகச் சேர்த்து முதலில் மாற்ற வேண்டும். ஒருவருடைய ஏட்டை மற்றொருவர் பார்க்கும் உறவு எங்கே இருக்கிறதோ அங்கே இருவரும் ஒரே நாளில் பெயர வேண்டும்; அகர வரிசைப்படி ஆட்களைப் பெயர்த்தால், அந்த இடைக்காலத்தில் பாதி ஸ்தாபனத்துக்கு மற்றப் பாதியின் ஓய்வு நேரம் தெரியாமல் போகும்.

பதிவுகளைப் புதிய சர்வரில் ஏற்றும்போது அழைப்பு அனுப்பும் வசதியை நிறுத்திவைத்தல் மிகவும் முக்கியம். இதை மறந்தால், ஆண்டுக்கணக்கான கூட்டங்களுக்கு ஒரே இரவில் புதிதாக அழைப்புகள் கிளம்பி, வெளியார் பெட்டிகளையும் நிறைத்துவிடும். பழைய நாட்காட்டியைச் சில மாதங்கள் படிக்க மட்டும் திறந்துவையுங்கள். கல்வியாண்டின் தொடக்கத்திலோ நிதியாண்டின் முடிவிலோ நாள் குறிக்காதீர்கள். பெயரும் நாளுக்கு முந்திய மாலையில், ஒவ்வொரு காரியதரிசிக்கும் அடுத்த இரண்டு வாரக் கூட்டங்களைக் காகிதத்தில் அச்சிட்டுக் கொடுத்துவிடுங்கள். அந்தக் காகிதம் மேசையில் இருப்பதே அவர்களுக்குப் பெரும் தைரியம். பிசகு நேர்ந்தால் முதலில் கண்டுபிடிப்பவர்களும் அக்காகிதத்தைக் கையில் வைத்திருப்பவர்களே.

கையெழுத்திடுமுன்

விலையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ஆளுக்கு இவ்வளவு என்ற உரிமக் கட்டணம் கண்ணுக்குத் தெரியும் செலவு. பயிற்சியும், இடம்பெயர்ப்பும், பழைய இணைப்புகளைப் புதிதாகக் கட்டுவதும், முதல் ஆண்டில் காரியதரிசிகள் இழக்கும் நேரமும் தெரியாத செலவுகள். இரண்டையும் கூட்டி ஐந்தாண்டுக் கணக்காக எழுதிப் பார்த்தால், மலிவானதென்று தோன்றிய மென்பொருள் மலிவாகவே இருந்துவிடும் என்று சொல்ல முடியாது.

விலையைவிட ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியது வெளியேறும் வழி. அனைவருடைய நாட்காட்டிகளையும், தொடர் கூட்டங்களும் விதிவிலக்கான நாள்களும் வருவோர் பதில்களும் அடங்க, ஐகாலண்டர் வடிவில், தனிக் கட்டணமின்றி, நிர்வாகியே எப்போது வேண்டுமானாலும் மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம் என்ற ஷரத்து எழுத்தில் இருக்க வேண்டும். எழுத்தில் இருப்பதோடு நின்றுவிடாமல், கையெழுத்திடுவதற்கு முன்பே நூறு பேருடைய ஏடுகளை அந்த மென்பொருளில் ஏற்றி, உடனே வெளியே எடுத்து, வேறொரு நிறுவனத்தின் நாட்காட்டியில் திறந்து, பரீட்சை செய்து பார்த்த காரியதரிசிகள் ஐவரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். வியாழக்கிழமையிலிருந்து மாற்றிய கூட்டம் வெள்ளிக்கிழமை மூன்று மணியில் நிற்கிறது, பதினான்கு பேரும் அதில் இருக்கிறார்கள் என்று அவர்கள் சொன்னால் கையெழுத்திடுங்கள். சொல்லவில்லையானால், எவ்வளவு அழகிய திரையாயினும், அந்த மென்பொருளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.